கொளுத்தியதில் இல்லை, கையெழுத்தில் இருக்கிறது வழக்கு

நடுவர் அவர்களே, வணக்கம். புத்தகத்தைக் கொளுத்துவது கருத்துச் சுதந்திரமா, அதன் மேல் நடக்கும் தாக்குதலா என்பது தலைப்பு. சுதந்திரம்தான் என்கிற அணியில் நிற்கிறேன். புத்தகம் எரிவதைப் பார்த்தால் எனக்கும் வயிறு பிசையும், அது வேறு விஷயம்.

எதிரணித் தலைவர் யாழ்ப்பாண நூலகத்தைச் சொல்லி அரங்கத்தையே வாயடைக்க வைத்துவிட்டார். 1981 மே 31 இரவு, ஏறத்தாழ 97,000 நூல்கள், வேறெங்கே தேடினாலும் கிடைக்காத ஓலைச்சுவடிகளும் அதில் உண்டு. ஆனால் ஐயா, அது யாருடைய புத்தகம்? ஊர்ச்சொத்து. அதைக் கொளுத்தியதில் போலீஸ்காரர்களுக்கும் பங்கிருந்தது. அது கருத்தே இல்லை, அராஜகம். அதைக் கொண்டுவந்து எங்கள் தலையில் கட்டாதீர்கள்.

நான் சொல்வது மகாத், இன்றைய மகாராஷ்டிரத்தில் இருக்கிற ஊர். 1927 டிசம்பர் 25. ஊர்ப் பொதுக்குளத்தில் தண்ணீர் தொடக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள், அம்பேத்கர் தலைமையில் கூடி, குழி வெட்டி, சந்தனக்கட்டை போட்டு மனுஸ்மிருதியை எரித்தார்கள். அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரே சகஸ்ரபுத்தே என்ற பிராமணர்தான்! யாரையும் உட்காரவைத்து மன்னிப்பு எழுதி வாங்கவில்லை, மனுஸ்மிருதியும் அழிந்துபோகவில்லை, இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது.

சரி, திருச்செங்கோட்டுக்கு வருவோம். 2010இல் வந்த பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலுக்கு, நாலு வருஷம் கழித்து, 2014 டிசம்பரில் திடீரென்று கோபம் வந்து பிரதிகளைக் கொளுத்தினார்கள். அன்றைக்கு ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. காசு கொடுத்து வாங்கிக் கொளுத்தியிருந்தால் பதிப்பாளருக்கு இன்னும் நாலு பிரதி விற்றிருக்கும், அவ்வளவுதான். குடிமுழுகியது 2015 ஜனவரி 12 அன்று. அமைதிப் பேச்சுவார்த்தை என்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னால் உட்காரவைத்து, நிபந்தனையற்ற மன்னிப்பு, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுகிறேன் என்றெல்லாம் பெருமாள்முருகனிடம் கையெழுத்து வாங்கினார்களே, அப்போது. எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் முகநூலில் எழுதியது அதற்கு அப்புறம்தான். அந்த அறையில் ஒரு தீக்குச்சிகூட எரியவில்லை ஐயா, ஃபேன் ஓடியிருக்கும், டீ வந்திருக்கும்.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்றது. புத்தகம் பிடிக்காவிட்டால் தூக்கிப் போடு, படித்தே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை என்றும் சொன்னது. தூக்கிப் போடுகிறவன் அடுப்பில் போட்டால் என்ன?

எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: கொளுத்துவதற்குச் சட்டம் போட்டுத் தடை வைத்திருந்தால், அந்தக் கையெழுத்து விழாமல் இருந்திருக்குமா?