மணியும் கேரவன் ஏசியும்

வணக்கம் நண்பர்களே. பின்னாடி கேக்குறது எங்க நாய் மணியோட குறட்டை. அவனை எழுப்ப மனசில்ல, அதனால கொஞ்சம் மெதுவாவே பேசுறேன்.

ரிட்டயர் ஆகி கேரவன் வாங்கியிருக்கோம், நாயையும் கூட்டிட்டுப் போலாமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. தாராளமா போலாம். ஆனா ஏசியை நம்பி வண்டிக்குள்ள விட்டுட்டு மட்டும் எங்கேயும் போயிடாதீங்க. இன்னைக்கு நான் பேச வந்ததே இதைச் சொல்லத்தான்.

அது எங்க மூணாவது பயணம். ஒரு கேம்ப்ல வண்டிக்கு கரண்ட் கனெக்‌ஷன் குடுத்து, ஏசியை ஓடவிட்டு, கதவைப் பூட்டிட்டு நானும் வீட்டுக்காரரும் நடக்கப் போனோம். முக்கால் மணி நேரம் இருக்கும். திரும்பி வந்து கதவைத் திறந்தா அப்படியே அனல் அடிக்குது. கேம்ப் முழுக்க கரண்ட் போயிருக்கு, எங்களுக்குத் தெரியல. மணி கதவு இடுக்குல மூக்கை வெச்சுக்கிட்டு, நாக்கு முழுசா வெளிய தொங்க, இரைச்சுக்கிட்டுக் கிடந்தான். நிழலுக்குத் தூக்கிட்டுப் போய், உடம்பெல்லாம் தண்ணி ஊத்தி, விசிறிவிட்டு, நேரா கால்நடை டாக்டர்கிட்ட ஓடினோம். பொழச்சுட்டான். ஆனா அந்த முகம் இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது.

நமக்கு உடம்பு முழுக்க வேர்க்கும். நாய்க்குப் பாதத்துல மட்டும்தான் கொஞ்சம் வேர்க்கும், பெரும்பாலும் இரைச்சு இரைச்சுத்தான் சூட்டை வெளியேத்தணும். சுத்தி இருக்கிற காத்தே கொதிச்சா பாவம் அது என்ன பண்ணும்? வெளிய 24 டிகிரி செல்சியஸ்னா நமக்கு இதமான நாள். அன்னைக்கே வெயில்ல நிக்கிற மூடின காருக்குள்ள 10 நிமிஷத்துல 34, 30 நிமிஷத்துல 43 டிகிரி வரை ஏறிடும். பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான நாய்ங்களுக்கும், வயசான நாய்ங்களுக்கும் ஆபத்து இன்னும் ஜாஸ்தி.

பேட்டரி இருக்கே, அதுல ஓடாதான்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். கணக்குப் போட்டுப் பாருங்க. 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில மொத்தமே 1200 வாட்-அவர்தான், அதாவது 1200 வாட் இழுக்கிற சாமானை ஒரு மணி நேரம்தான் ஓட்டலாம். லெட்-ஆசிட் பேட்டரின்னா பாதி சார்ஜுக்கு மேல காலி பண்ணக் கூடாது, ஆக 600 வாட்-அவர். கூரை மேல இருக்கிற ஏசி ஓடுறப்ப 1300, 1400 வாட் இழுக்கும். அரை மணி நேரம்கூடத் தாங்காது.

அதனால இப்ப நாங்க ஒருத்தர் வெளிய போனா இன்னொருத்தர் மணிகூடவே இருக்கோம். வேலைக்குப் போன காலத்துல இப்படி உக்காந்திருக்க முடியுமா? இப்ப நமக்கு என்ன அவசரம்? இன்னைக்கு அவர் பார்த்துட்டு வரட்டும், நாளைக்கு நான் போறேன். வண்டிக்குள்ள சூடு ஏறினா போனுக்கு மெசேஜ் அனுப்புற சிம் போட்ட கருவியும் வெச்சிருக்கோம். நல்லதுதான், ஆனா சிக்னல் இல்லாத இடத்துல அதால ஒண்ணும் பண்ண முடியாது.

அப்புறம் சமையல் கேஸ். எல்பிஜி காத்தைவிடக் கனம், கசிஞ்சா தரையோட தரையா தேங்கும். மணி படுக்கிறதும் அங்கதானே? அதனாலதான் கேஸ் அலாரத்தைத் தரைக்குப் பக்கத்துல வெப்பாங்க. நாயோட மெத்தையைப் போட்டு அதை மறைச்சிடாதீங்க.

நாய் தொலைஞ்சா அடையாளம் கண்டுபிடிக்க அதோட தோலுக்கு அடியில மைக்ரோசிப் போட்டிருந்தா ஒண்ணு செய்யுங்க. அந்தச் சிப்புல இருக்கிறது வெறும் 15 இலக்க நம்பர்தான். உங்க போன் நம்பர் அந்தச் சிப்பைப் பதிவு பண்ணின பதிவேட்டுலதான் இருக்கும். ஆபீஸ் நம்பரைக் குடுத்திருந்தீங்கன்னா கிளம்புறதுக்கு முன்னாடி மாத்திடுங்க. நான் போன வாரம்தான் மாத்தினேன்.

வெயில் இறங்கிடுச்சு. இப்பதான் வெளிய தரையில புறங்கையை வெச்சு ஏழு எண்ணிப் பார்த்தேன், சுடல. கையை எடுக்கத் தோணுற அளவுக்குச் சுட்டா அவன் பாதமும் வெந்துடும். மணி, எழுந்திரு கண்ணா, போலாம்.