பாடத்துக்கும் பட்டம் உண்டு

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, ஊராட்சித் தலைவர் அவர்களே, வேலை நெருக்கடிக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கல்வி அலுவலர் அவர்களே, தலைமையாசிரியர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, கைக்குழந்தைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். வாடகை பெறாமல் இந்த மண்டபத்தைத் தந்த நிர்வாகத்தாருக்கும், என் பெயரை முன்மொழிந்த மூத்த தமிழாசிரியர் ஐயா அவர்களுக்கும் நன்றி கூறாமல் பேசத் தொடங்குவது முறையாகாது.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். பட்டம் என்றால் விதைப்புக்கு ஏற்ற பருவம். பாடத்துக்கும் அப்படி ஒரு பட்டம் உண்டு. எந்தப் பாடத்தை எந்தப் பண்டிகையோடு சேர்ப்பது, தேர்வு நாட்களோடு அதை எப்படிப் பொருத்துவது, அதை நடத்த ஆசிரியர் எங்கே என்ற மூன்றையும் பற்றிப் பேச விரும்புகிறேன்.

ஜூனில் பள்ளி திறந்தால், ஆடி விதைப்பு, ஆவணியில் ஓணம், மார்கழியில் கிறிஸ்துமஸ், தையில் பொங்கல் என்று ஆண்டு நகர்கிறது; சித்திரைப் பிறப்பு மட்டும் கோடை விடுமுறைக்குள் போய்விடுகிறது. அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாள் வாசலில் இடும் பூக்கோலத்தை விட வட்டத்தையும் ஆரத்தையும் சமச்சீரையும் விளக்க நல்ல கருவி வேறில்லை. இராவுத்தர் வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். ரம்ஜான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னதாக வருவது ஏன் என்று கேட்டால், 354 நாள் கொண்ட சந்திர ஆண்டும் 365 நாள் கொண்ட சூரிய ஆண்டும் ஒரே கழித்தல் கணக்கில் விளங்கிவிடும். மாசியில் பக்கத்துச் சித்தூரில், கொங்குப் படையை வென்ற கதையை நினைவுகூர்ந்து நடக்கும் கொங்கன்படை விழா, மரபுக்கதைக்கும் வரலாற்றுச் சான்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் பேசத் தகுந்த இடம்.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் பகுதியில் ஒரு நான்காம் வகுப்பு ஆசிரியை, விதை முளைத்தல் பாடம் புத்தகத்தில் பின்னால் இருந்தபோதும், அதை ஆடிக்கு இழுத்துவந்து, வீட்டில் விதைப்பதை எடுத்துவரச் சொன்னார். சோளம், தட்டைப்பயறு, நிலக்கடலை எல்லாம் வந்தன. கடலையைத் தேங்காய்த் தொட்டியில் மண்ணிட்டு ஊன்றி, பிள்ளைகள் ஆசையாசையாகத் தண்ணீர் ஊற்றினார்கள். பேரனுக்குச் சோறு கொண்டுவந்த ஒரு பாட்டி சன்னல் வழியே அதைப் பார்த்துவிட்டு உள்ளேயே வந்துவிட்டார். “ஏனுங்க டீச்சர், கடலைக்கு இத்தனை தண்ணி ஊத்துனா அழுகிப் போகாதுங்களா?” என்றார். வகுப்பு சிரித்தது. ஆசிரியையோ தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு பெஞ்சில் அமர்ந்துகொண்டார். பாட்டி ஒரு கடலையைத் தோண்டி எடுத்து, ஊறிச் சுருங்கிய சிவப்புத் தோலை நகத்தால் உரித்து, பருப்பு கறுத்துப்போன இடத்தைக் காட்டினார். ஈரம் எவ்வளவு போதும் என்று மண்ணைப் பிடித்து உருட்டியும் காட்டினார். மறுபடி ஊன்றிய 20 விதையில் 15 முளைத்தன. நான்கில் மூன்று பங்கு என்னும் பின்னம் அன்று கரும்பலகையில் ஏறியது. ஆடிப்பட்டம் தேடி விதைத்ததால் கிடைத்த பாடம் அது. தை மாதத்தில் அந்தப் பாட்டியிடம் விதையும் இருந்திருக்காது, சொல்ல வேலையும் இருந்திருக்காது.

தேர்வைப் பற்றி விரித்துப் பேச நேரமில்லை. ஓணத்துக்கு முந்தைய தேர்வுக்குரிய பாடங்களை விட்டுவிடாமல், அவற்றுக்குள்ளேயே வரிசையை மாற்றிக்கொள்ளலாம் என்பதோடு நிறுத்துகிறேன்.

எனக்கு முதன்மையானது மூன்றாவதுதான். அந்தப் பாட்டியின் பேச்சைப் புரிந்துகொண்டு பாடமாக்கியவர் தமிழறிந்த ஆசிரியை. தமிழாசிரியர் பணியிடம் காலியாக இருந்து, தற்காலிக நியமனமும் ஓணத்துக்குப் பிறகே நடந்தால், அந்த வகுப்புக்கு ஆடியும் போயிற்று, ஆவணியும் போயிற்று. ஆடிப்பட்டம் தேடி விதைக்க ஆள் வேண்டாமா? மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தருவதற்குப் போதிய வசதி வேண்டும் என்கிறது 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு. பொங்கலுக்கு நம் எல்லை மாவட்டங்களுக்கு உள்ளூர் விடுமுறை கிடைக்கிறது. அதை மனமார வரவேற்கிறேன். விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் அந்த நாளைப் பற்றித் தமிழில் பாடம் நடத்தும் ஆசிரியரும் அதே அரசிடமிருந்து கிடைக்க வேண்டும்.

தமிழ்வழிப் பள்ளிகளின் காலிப் பணியிடங்களை மே மாதத்துக்குள் நிரப்பக் கோரும் மனு வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. கல்வி அலுவலர் அவர்களிடம் இன்றே ஒப்படைக்க இருப்பதால், பெற்றோர் அனைவரும் கையொப்பமிட்ட பிறகே உணவுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.