கூப்பிட முடியாதவனுக்கு ஒரு பாட்டு

(வெள்ளவத்தையில் ஓர் இலக்கியச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

மனம் சோர்ந்த நண்பனுக்காகப் பாடப்பட்ட பாட்டுகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பாடிக் காட்டக்கூடாது என்று தலைவர் முதலிலேயே சொல்லிவிட்டார். என் குரல் அவருக்குப் பழக்கம்.

இந்த வகையில் நம்மவர்களுக்கு முதலில் நினைவு வருவது ‘மயக்கமா கலக்கமா’. 1962, ‘சுமைதாங்கி’, கண்ணதாசனின் எழுத்து, பி. பி. ஸ்ரீநிவாஸின் குரல். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது மனப்பாடம். வாய்ப்புக் கிடைக்காமல் அலுத்து, சென்னையை விட்டே போக இருந்தவர் வாலி. ஸ்ரீநிவாஸ் பாடிக் காட்டிய இந்தப் பாட்டுத்தான் தன்னை மறித்தது என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஒரு கவிஞரை நமக்கு மிச்சம் பிடித்துத் தந்த பாட்டு.

ஆனாலும் அதோடு எனக்கொரு வழக்கு இருக்கிறது. உனக்குக் கீழே இருப்பவர்கள் கோடி, அவர்களை நினைத்து நிம்மதி தேடு என்கிறது பாட்டு. வாலி துவண்டுதான் போயிருந்தார். ஒரு வாய்ப்பு வந்தால் எழும்பிவிடக்கூடிய துவளல் அது. வைத்தியர்கள் மனச்சோர்வு என்று சொல்லும் நோய் வேறு. இரண்டு கிழமையோ அதற்கு மேலோ, அநேகமாக ஒவ்வொரு நாளும், மனம் இருண்டு கிடக்கும். அல்லது பிடித்த எதிலும் பிடிப்பில்லாமல் போகும். நித்திரை குழம்பும், பசி மாறும், நான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம் வந்து குந்திக்கொள்ளும். அப்படி இருப்பவனிடம் போய், உன்னைவிடக் கஷ்டப்படுகிற சனம் எவ்வளவு என்றால் என்ன ஆகும்? நம் வீடுகளில் இதற்கு இன்னும் கூரான வடிவம் உண்டு: “நாங்கள் பங்கருக்குள்ள இருந்து படிச்சனாங்கள், உனக்கு என்னடா குறை?” குறை இல்லை என்பது அவனுக்கும் தெரியும். அவனைத் தின்பதே அதுதான். கண்ணதாசனில் பிழை சொல்லவில்லை. மருந்து நல்ல மருந்து, நோய்தான் வேறு.

இனி ஓர் ஆங்கிலப் பாட்டு. 1970இல் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் டெய்லரின் ‘ஃபயர் அண்ட் ரெயின்’ வந்தது. உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு தோழி, தன்னுடைய மனச்சோர்வு, போதைப் பழக்கம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. தனிமைப்பட்ட காலத்தில் ஒரு நண்பன்கூடக் கிடைக்கவில்லை என்று ஒரு வரி வரும். அந்த வரிக்குப் பதிலாகத்தான் ‘யூவ் காட் எ ஃப்ரெண்ட்’ (உனக்கொரு நண்பன் இருக்கிறான்) பாட்டை எழுதியதாகப் பாடகி கரோல் கிங் தன்னிடம் சொன்னார் என்கிறார் டெய்லர். 1971இல் இருவருமே அதைப் பாடி வெளியிட்டார்கள். அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது டெய்லர் பாடியது. எனக்கு ஒருவரும் இல்லை என்று எழுதியவர், அதற்கு வந்த பதிலைத் தன் வாயாலேயே உலகத்துக்குப் பாடுகிறார்!

எழும்பு, சிரி, துணிந்து நில் என்று அந்தப் பாட்டு அதட்டுவதில்லை. என்னை நினை, பேரைச் சொல்லிக் கூப்பிடு, எந்தப் பருவமானாலும் ஓடி வருவேன் என்கிறது. அழகுதான். ஆனால் கூப்பிட வேண்டியவன் அவன் என்ற நிபந்தனை அதற்குள் இருக்கிறதே. மனச்சோர்வு அந்தச் சக்தியைத்தான் பறித்துவிடுகிறது. போன் கைக்கெட்டிய தூரத்தில் கிடக்கும், எடுக்கமாட்டான். வட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. நமக்கு ரோசம் வந்துவிடும். “தேவையெண்டால் எடுப்பான்தானே.”

‘உடுக்கை இழந்தவன் கைபோல’ எல்லோருக்கும் தெரியும். உடை நழுவினால் கை கூப்பிடுதலுக்காகக் காத்திருக்காது. நான் அதிகம் விரும்புவது அதற்கு முந்திய 787ஆம் குறளை.

அழிவின் அவைநீக்கி ஆறுய்த்து அழிவின்கண்
அல்லல் உழப்பதாம் நட்பு.

முன்பாதி, கேடு தரும் வழியிலிருந்து நண்பனை விலக்கி நல்ல வழியில் செலுத்துவதைச் சொல்கிறது. பின்பாதிக்கு, கேடு வந்தபோது அதை விலக்க முடியாதென்பதால் அந்தத் துன்பத்தை உடன் அனுபவிப்பது நட்பு என்று உரை சொல்கிறார் பரிமேலழகர். விலக்க முடியாதென்று ஒத்துக்கொண்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பது! நான் சொன்ன இரண்டு பாட்டிலும் இது கிடையாது. நண்பனைத் திருத்திவிட வேண்டும் என்ற அவசரமும் இந்தப் பின்பாதியில் இல்லை.

கொழும்பில் இதைச் செய்வது எப்படி? பம்பலப்பிட்டியில் வாடகை அறையில் ஒரு பொடியன், தாய் தகப்பன் ஊரில். ஏதும் வேணுமெண்டால் சொல்லு என்று அவனுக்கு எழுதாதீர்கள். ஒரு கொத்து ரொட்டி வாங்கிக்கொண்டு படியேறுங்கள். நாளைக்கு ஆறு மணிக்கு வாறன், மரைன் டிரைவில நடப்பம், நீ கதைக்கத் தேவையில்லை என்று சொல்லுங்கள். கிளினிக்குக்குக் கூடப் போய் வாங்கில் இருங்கள். சிகிச்சை வைத்தியருடைய வேலை, வாங்கில் இருப்பது உங்களுடையது.

இன்னொன்றையும் கேட்கத் தயங்க வேண்டாம். “சாகவேணும் போல இருக்கோ?” கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. ஓம் என்றால் அவனைத் தனியே விடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 1926க்கு எந்நேரமும் எடுக்கலாம், அது அங்கொடைத் தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். மனம்விட்டுப் பேசுபவருக்குக் காது கொடுப்பதையே வேலையாகக் கொண்டு ‘சுமித்ரயோ’ 1974 முதல் இந்த நகரத்தில் இயங்குகிறது.

பில் விதர்ஸின் ‘லீன் ஆன் மீ’ பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நேரம் போகிறது. 1972இல் வந்தது. எழுதியவர் நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். இன்றைக்கு நீ என்னில் சாய், சீக்கிரமே நானும் சாய வேண்டி வரும் என்கிறார். நோயாளியைக் கடன்காரனாக்காத பேச்சு இது. தாங்குகிறவருக்கும் களைப்பு வரும் என்பதையும் ஒத்துக்கொள்கிறது. ஒருவரே எல்லா நாளும் போக வேண்டாம், மூன்று நான்கு பேர் முறை வைத்துப் போங்கள்.

உள்ளே வரும்போது வாசலில் ஒரு தங்கச்சி கேட்டார், இப்படிப்பட்ட சிநேகிதிக்குப் பாட்டு அனுப்பலாமா என்று. தாராளமாக அனுப்புங்கள். கீழே ‘பதில் போடத் தேவையில்லை’ என்று ஒரு வரி சேருங்கள். எந்தப் பாட்டு என்பதில் எனக்குச் சிபாரிசு கிடையாது. அவவுக்கு வடிவேலு பகிடிதான் பிடிக்குமென்றால் அதையே அனுப்புங்கள்.