உட்கார வைத்தால் விழாமல் இருப்பார்களா?

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் பெரியவர் ஒருவர் ஒருமுறை தடுமாறி விழுந்துவிட்டால், அதன்பின் அங்கே என்ன பேச்சு அடிக்கடி எழும் என்பது உங்களுக்குத் தெரியும்: "நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், எது வேண்டுமானாலும் கேளுங்கள், நாங்களே எடுத்துத் தருகிறோம்." அன்பினால் சொல்லப்படும் இந்தச் சொற்களே அவர் மறுபடியும் விழுவதற்கு வழிவகுக்கின்றன என்பதை, இயன்முறை மருத்துவத் துறையில் நெடுங்காலமாக முதியோருடன் பழகிவருபவன் என்ற முறையில், இன்று வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

65 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் விழுகிறார். உலகெங்கும் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இருந்தும், வயதானால் அப்படித்தான் என்று சொல்லிக் கடந்துபோகிறோம்.

நான் அறிந்த ஒரு மூதாட்டி இப்படித்தான் விழுந்தார். எலும்பு முறியவில்லை; முழங்கையில் சிராய்ப்பு மட்டுமே. ஆனால் பிள்ளைகள் பயந்துபோய், அவரை எந்த வேலையும் செய்யவிடாமல் உட்கார வைத்துவிட்டார்கள். சில மாதங்களில் அவர் நாற்காலியிலிருந்து எழும் விதமே மாறிவிட்டது. இரண்டு கைகளாலும் கைப்பிடியை அழுத்தி உடலைப் பாதி உயர்த்துவார், முழங்கால்கள் நடுங்கும், தொப்பென்று மீண்டும் உட்கார்ந்துவிடுவார். அடுத்த முயற்சியில் எழுந்தாலும், முழுமையாக நிமிர்வதற்கு முன்பே அடியெடுத்து வைத்து, சுவரைத் தேடிக் கையை நீட்டுவார். முதல்முறை விழுந்தபோது அவருக்கு இந்த நிலை இல்லை என்பதைக் கவனியுங்கள். உட்கார வைத்ததுதான் இந்தத் தளர்ச்சியைக் கொண்டுவந்தது.

கால் தடுக்கும்போது நம்மைக் காப்பது எது? மற்றொரு காலைச் சட்டென்று முன்னே வைத்து, சாயும் உடலைத் தாங்கிக்கொள்ளும் திறன்தான். அதற்குத் தொடைத் தசையில் வலுவும் வேகமும் வேண்டும். வயது ஏற ஏற, வேகமாக இயங்கும் தசை இழைகளே அதிகம் மெலிகின்றன. உட்கார்ந்தே இருந்தால் அந்த மெலிவு இன்னும் விரைகிறது.

"நான் தினமும் நடக்கிறேனே, அது போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். நடைப்பயிற்சி இதயத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் நல்லது, அதைக் கைவிடாதீர்கள். ஆனால் விழாமல் காப்பதற்கு அது மட்டும் போதுமென்று சொல்ல ஆதாரம் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 108 ஆய்வுகளில் பங்கேற்ற 23,000-க்கும் மேற்பட்ட முதியோரின் தரவுகளை ஆராய்ந்தது. பொதுவாக உடற்பயிற்சி செய்தவர்களிடம் விழும் நிகழ்வுகள் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தன. சமநிலைப் பயிற்சியையும் தசை வலுவூட்டும் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களிடம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. ஆகவே நடையோடு நிறுத்திவிடாதீர்கள் என்பதை மீண்டும் சொல்கிறேன்.

அந்த மூதாட்டிக்கு முதலில் கொடுத்த பயிற்சி, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதுதான். இருக்கையில் தலையணை வைத்து உயரத்தைக் கூட்டி, எழுவதை எளிதாக்கினோம். வலு வர வர தலையணையை எடுத்தோம். பிறகு கைப்பிடியைத் தொடாமல் எழச் சொன்னோம். உட்காரும்போது மெதுவாக இறங்க வேண்டும், ஏனெனில் தசை அப்போதும் உழைக்கிறது. அடுத்து, அசையாத மேசையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்துவது, பக்கவாட்டில் அடி வைப்பது, ஒரு பாதத்துக்கு நேர் முன்னே மற்றொரு பாதத்தை வைத்து நிற்பது. பயிற்சி சற்றுக் கடினமாக இருந்தால்தான் பலன் உண்டு; எளிதாகிவிட்டால் ஒரு படி கூட்டுங்கள். வாரத்தில் மூன்று நாட்களாவது செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த மூதாட்டி இன்று எவர் துணையும் இல்லாமல் எழுந்து நடமாடுகிறார்.

நேரம் முடியப்போவதாகச் சைகை வருகிறது. சொல்ல நினைத்த மற்றவற்றைச் சுருக்குகிறேன். தூக்க மாத்திரையும் சில இரத்த அழுத்த மருந்துகளும் தடுமாற்றத்தைத் தரலாம்; நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கேளுங்கள். கண்புரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது சற்று உட்கார்ந்திருந்து பிறகு நில்லுங்கள். தலைச்சுற்றல் உள்ளவர்களும் ஏற்கெனவே விழுந்தவர்களும் மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ கலந்துகொண்டு பயிற்சியைத் தொடங்குங்கள். முதல் சில நாட்கள் வீட்டில் ஒருவர் அருகில் நிற்கட்டும். வணக்கம்.