பன்னிரண்டு லட்சத்தில் எந்தக் கார்?

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான். "கையில் பன்னிரண்டு, பதிமூன்று லட்சம் இருக்கிறது. 2021 ஹூண்டாய் கிரெட்டா எடுக்கலாமா? அதே காசுக்கு 2016 பிஎம்டபிள்யூ த்ரீ சீரிஸ் கிடைக்கிறதே, அதை எடுக்கலாமா?"

இரண்டுமே நம் ஊர்ப் பக்கத்து வண்டிகள். கிரெட்டா இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது. பிஎம்டபிள்யூ ஆலை 2007 முதல் மறைமலைநகர் பக்கம் இயங்குகிறது.

முதலில் த்ரீ சீரிஸைப் பேசிவிடுவோம், மனசு இழுப்பது அந்தப் பக்கம்தானே. அதில் நியாயமும் இருக்கிறது. அந்தத் தலைமுறைக் கார் 2012-ல் யூரோ என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. கிரெட்டாவின் இரண்டாம் தலைமுறை 2022-ல் குளோபல் என்கேப் சோதனையில் மூன்றுதான் வாங்கியது. இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள்தான். ஆனாலும் திருச்சி நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது, பிஎம்டபிள்யூவின் ஸ்டியரிங்கும் பிரேக்கும் தரும் தைரியம் தனி.

சரி, அப்படியானால் எடுத்துவிடலாமா? இங்கேதான் நிதானம் வேண்டும். நாற்பது லட்சத்தையொட்டி விற்ற காரின் விலை பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டது. அதன் உதிரி பாகங்களின் விலை இறங்கவில்லை. த்ரீ சீரிஸின் டீசல் மாடலான 320டி-யில், இன்ஜினின் உள் பாகங்களை ஒரே தாளத்தில் ஓட வைக்கும் டைமிங் செயின் இன்ஜினுக்குப் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அதில் கை வைக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் இன்ஜினையே இறக்க வேண்டும். பேட்டரி டிக்கியில் இருக்கிறது. புதிது போட்டால் அதைக் காரின் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும், சாதாரணக் கடையில் மாட்டிவிட்டு வந்துவிட முடியாது. டயர்கள் ரன்ஃபிளாட் வகை. பஞ்சரானாலும் எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் கொஞ்ச தூரம் ஓட்டலாம். அதற்கு ஈடாக, பல வண்டிகளில் ஸ்டெப்னியே இருக்காது. உளுந்தூர்பேட்டை தாண்டி இரவில் டயர் கிழிந்தால் என்ன செய்வது என்று வாங்கும் முன்பே யோசியுங்கள்.

அப்புறம் டெல்லி வண்டி. பத்து வருடம் தாண்டிய டீசல் கார்களைத் தலைநகர்ப் பகுதியில் ஓட்ட பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் தடை விதித்தது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது, 2025-ல் அதைத் தளர்த்தியது. அந்தத் தடையால் அங்கே விலை குறைந்த சொகுசுக் கார்கள் தெற்கே வரத் தொடங்கின. விலையைக் கேட்டதும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அங்கிருந்து என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று வர வேண்டும், இங்கே சாலை வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தால் மலிவு அவ்வளவு மலிவாக இருக்காது.

வீட்டில் இருப்பது ஒரே கார், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஊர்த் திருவிழா எல்லாவற்றுக்கும் அதுதான் என்றால், என் பதில் கிரெட்டா. வேகத்தடையில் அடி தட்டாது, சிறு ஊரிலும் மெக்கானிக்குக்குப் பழக்கம், பாகம் அன்றோ மறுநாளோ கிடைத்துவிடும். இன்னொரு கார் இருக்கிறது, இரண்டு மூன்று லட்சம் ரிப்பேருக்கென்று தனியாக ஒதுக்க முடியும் என்றால், த்ரீ சீரிஸை மகிழ்ச்சியாக எடுங்கள். சர்வீஸ் பதிவு முழுதாக இருக்கும் வண்டியாகப் பாருங்கள்.

எதை எடுத்தாலும் சென்னை வண்டியென்றால் வெள்ளம் பார்த்ததா என்று தேடுங்கள். 2015, 2023 இரண்டு டிசம்பரிலும் நின்ற இடத்திலேயே மூழ்கிய கார்கள் ஏராளம்; த்ரீ சீரிஸ் போன்ற தாழ்ந்த செடானுக்குள் தண்ணீர் இன்னும் சீக்கிரம் ஏறிவிடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். தினமும் வெளியே வராத அந்தக் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறை இருந்தால், மேலே எவ்வளவு பாலிஷ் போட்டிருந்தாலும் அந்த வண்டி வேண்டாம். டிக்கி விரிப்பைத் தூக்கி அடியில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.