கியூபெக் முன்னோரும் அவர்களின் இரட்டைப் பெயர்களும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கனடாவின் கியூபெக் மாநிலத்துப் பிரெஞ்சுக் குடும்பங்களின் வேரைத் தேடுவோர் பலர், குடும்பப் பெயர் ஒன்றை மட்டும் நம்பிப் புறப்பட்டு, சில தலைமுறைகளுக்குள்ளேயே வழி தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். கணவன், மனைவி இருவர் பெயரையும் சேர்த்துத் தாங்கிய திருமணப் பதிவைப் பிடித்துக்கொண்டு செல்பவர்களே பதினேழாம் நூற்றாண்டு வரை போய்ச் சேர்கிறார்கள் என்பதுதான் நான் இன்று வற்புறுத்திச் சொல்ல விரும்பும் செய்தி.

குடும்பப் பெயர் ஏன் கைவிட்டுவிடுகிறது? 1665ஆம் ஆண்டு கரிஞான் சலியேர் படைப்பிரிவைச் சேர்ந்த ஏறத்தாழ 1,200 வீரர்கள் அங்கு வந்து இறங்கினார்கள். பிரெஞ்சுப் படையில் வீரர்களுக்குப் படைப்பெயர் ஒன்று வழங்குவது வழக்கம். லாஃப்ளோர், ஜோலிகேர், சான்சூசி போன்றவை அவ்வாறு வந்தவையே. அவர்களுள் சுமார் 400 பேர் அங்கேயே குடியமர, படைப்பெயரும் பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டது. கிறித்தவக் கோயிலின் பதிவேட்டில் குடும்பப் பெயருக்கும் மறுபெயருக்கும் நடுவே 'தி' என்ற சிறு சொல் நிற்கும். 'இப்படியும் அழைக்கப்படுபவர்' என்பது அதன் பொருள். வீரர்களோடு இது நிற்கவில்லை. பிரான்சின் பெர்ஷ் பகுதியிலிருந்து வந்து பாத்திஸ்கானில் குடியேறிய நிக்கோலா, ரொபேர் என்ற ரிவார் சகோதரர்களின் வழியில் லவீன், லோரான்ஜே, லனுவெத், லகூர்சியேர் எனக் கிளைக்கொரு மறுபெயர் தோன்றியது. பின்வந்தோர் சிலர் ரிவார் என்பதை விட்டார்கள், சிலர் மறுபெயரை விட்டார்கள். ஆகவே ஒரே பாட்டனின் பேரர்கள் இன்று வெவ்வேறு பெயர்களில் வாழ்கிறார்கள். பெயரைப் பார்த்து இவர்கள் உறவினர் அல்லர் என்று முடிவு கட்டுவது பெரும் பிழையாகும்.

இந்தக் குழப்பத்திலிருந்து நம்மைக் காப்பவர்கள் பெண்கள். திருமணத்திற்குப் பிறகும் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரையே பங்குக் குருக்கள், அதாவது அவ்வட்டாரக் கோயிலின் குருக்கள், எழுதினார்கள். பிள்ளையின் ஞானஸ்நானம், பிள்ளையின் திருமணம், அவளுடைய அடக்கம் என எல்லாப் பதிவிலும் அப்பெயரே தொடர்கிறது. முதல் திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயரும் பொதுவாக இருக்கும். பிரான்சில் பிறந்தவராயின் எந்தப் பங்கு, எந்த மறைமாவட்டம் என்பதும் பெரும்பாலும் இருக்கும். ஒரே வரியில் கடலுக்கு அப்பாலுள்ள ஊர் கிடைத்துவிடுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்! கியூபெக்கில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயரான ட்ராம்ப்ளேயை எடுத்துக்கொண்டால், அதன் மூலம் 1657இல் மணந்த பியேர் ட்ராம்ப்ளே, ஒசான் அஷோன் இணையர். மாநிலமெங்கும் பரவிய அந்த வம்சத்தின் தாய் இன்றும் தன் சொந்தப் பெயராலேயே அறியப்படுகிறாள். 1663 முதல் 1673 வரை பிரெஞ்சு அரசர் செலவில் அங்கு அனுப்பப்பட்ட சுமார் 800 இளம்பெண்களையும் இன்று பெயர் சொல்லி அடையாளம் காண முடிவதற்கு இந்த வழக்கமே பெருங்காரணம்.

திருமுழுக்குப் பெயரில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். குழந்தைக்கு ஞானப்பெற்றோரின் பெயரை இடுவது வழக்கம். பிற்காலத்தில் ஏறக்குறைய எல்லா ஆண்களுக்கும் ஜோசப், பெண்களுக்கு மரி என்பது முன்னால் வந்தது. மாண்ட குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைத்தலும் உண்டு. எனவே முதலில் கண்ட ஞானஸ்நானப் பதிவே நம்முடையவர் பதிவு என்று கொள்ளக் கூடாது. அடக்கப் பதிவையும் பார்த்த பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

1640இல் கியூபெக் நகரக் கோயில் தீப்பற்றியபோது அதுவரையிலான பதிவேடு சாம்பலாயிற்று. குருக்கள் நினைவிலிருந்து அதை மீண்டும் எழுதினார்கள். பின்னர் பதிவேடுகள் இரு படிகளாக எழுதப்பட்டதால் இழப்பு குறைந்தது. நோட்டரிகள் என்ற ஆவணம் எழுதும் சட்ட அலுவலர்கள் எழுதிய திருமண ஒப்பந்தங்களும் உண்டு. சிப்ரியான் தாங்கே என்ற குரு 1871 தொடங்கி 1890 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட வம்ச அகராதி ஒரு தனிமனிதரின் மாபெரும் உழைப்பு. எனினும் பிழைகளும் உள்ளதால் மூலப் பதிவோடு ஒப்பிட்டே அதைக் கொள்ள வேண்டும்.

பிற்காலத்தில் அமெரிக்கப் பஞ்சாலை நகரங்களுக்குச் சென்றவர்களுள் புவாவேர் என்ற பெயர் கிரீன்வுட் என்றும், ருவா என்ற பெயர் கிங் என்றும் ஆங்கிலமானதும் உண்டு. அத்தகையவரைத் தேடுவோர், கணவரின் புதிய ஆங்கிலப் பெயரை ஓரமாக வைத்துவிட்டு, மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரையும் இருவருடைய முதற்பெயர்களையும் கொண்டு கியூபெக்கின் திருமண அட்டவணைகளில் தேடத் தொடங்க வேண்டும்.