பத்தடி அறையும் ஒரு தாழ்சுரமும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

ஒரு மடிக்கணினி, ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், ஒரு ஹெட்போன் ஆகியவற்றை வைத்துக்கொண்டு வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்பவர்கள் இன்று நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அறையில் கேட்கும்போது நெஞ்சை நிறைத்த பாட்டு, காரில் போட்டால் ஏன் அதிர்கிறது, கைபேசியில் போட்டால் ஏன் மெலிந்துபோகிறது என்ற கேள்வி அவர்களில் பலருக்கும் எழுந்திருக்கும். எனக்கும் எழுந்தது. அதற்கு விடை கிடைத்த கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் பாடிய மெல்லிசைப் பாடலை என் வீட்டில் பதிவு செய்து மிக்ஸிங் செய்தேன், அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்தேன். குரல், மிருதங்கம், கிட்டார், பேஸ் கிட்டார் ஆகிய நான்கும்தான் அதில் இருந்தன. என் அறை பத்தடிக்குப் பத்தடி. அதன் நட்டநடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஸ்பீக்கரில் கேட்டபடி வேலை செய்வேன். பல்லவி வந்து முடியும் இடத்தில் பேஸ் கிட்டார் ‘ஏ’ என்னும் கீழ்ச்சுரத்தில் நிற்கும். அந்தச் சுரம் மட்டும் போதாததாகவே எனக்குக் கேட்டது. ஒலியின் மேல், நடு, அடிப் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்யூவில் அந்தப் பகுதியை முதலில் 3 டெசிபல் ஏற்றினேன், பிறகு 6 டெசிபலுக்குப் போனேன், பாட்டு நிறைந்துவிட்டது என்று திருப்தியோடு படுத்தேன். மறுநாள் நண்பரின் காரில் போட்டபோது, அந்தச் சுரம் வரும்போதெல்லாம் கதவின் உட்பலகை நடுங்கியது, குரல் அதனடியில் அமுங்கிப்போனது. அன்று மாலை அவருடைய அம்மா சமையலறையில் கைபேசியில் கேட்டுவிட்டு, “பாட்டு நல்லா இருக்கு தம்பி, மிருதங்கம்கூட நல்லா கேக்குது, ஆனா அடியில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கே” என்றார். ஒரே பாட்டில் ஒரே சுரம் ஓரிடத்தில் மிகுந்தும் இன்னோரிடத்தில் இல்லாமலும் போயிருந்தது.

அந்த ‘ஏ’ சுரத்தின் அதிர்வெண் 55 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 55 அதிர்வுகள். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது என்பதால், 55 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஆறு மீட்டருக்குச் சற்று அதிகம், அதாவது ஏறத்தாழ 20 அடி. அதில் பாதி 10 அடி. என் அறையின் அளவும் அதுதான். இப்படிப் பாதி அலை அறைக்குள் கச்சிதமாகப் பொருந்தும்போது, எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பும் ஒலி தன்மேல் தானே படிந்து, சுவரோரங்களில் பெருகி, அறையின் நடுவில் கிட்டத்தட்ட அழிந்துவிடுகிறது. பதிவில் குறை ஏதும் இல்லை. அந்தச் சுரம் கேட்காத இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன் என்பதே உண்மை. கணினியில் 55 ஹெர்ட்ஸ் ஒலியைத் தொடர்ந்து ஒலிக்கவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து பின்சுவரை நோக்கி நடந்து பாருங்கள். இரண்டு மூன்று எட்டுக்குள் அதே ஒலி எழும்பி நெஞ்சில் வந்து மோதும். ஒலியளவுக் குமிழை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினால் இது சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருக்கிறது. இருபதடி நீளமுள்ள அலையை முட்டை அட்டையோ ஓரங்குலப் பஞ்சோ ஒன்றும் செய்துவிட முடியாது. அவை உச்ச ஒலிகளை ஓரளவு மழுக்குவதால் அறை முன்னைவிட மந்தமாகக் கேட்கும், அவ்வளவுதான். நான்கைந்து அங்குலக் கனமுள்ள ராக்வுல் என்னும் கல்லிழைப் பலகைகளைத் துணி போர்த்தி மூலைகளில் நிறுத்தினால் பயன் உண்டு. அதற்கும் முன்னதாக, செலவில்லாமல், நாற்காலியை நடுவிலிருந்து ஓரடிக்கு மேல் முன்னோ பின்னோ நகர்த்திவிடலாம்.

இவ்வளவு செய்தாலும் சிறிய அறை தாழ்சுரங்களைப் பற்றி முழு உண்மை சொல்லாது. ஆகவே பாட்டை முதலில் நடுப்பகுதியில் நிற்க வைத்துவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. சுமார் 300 ஹெர்ட்ஸிலிருந்து 3000, 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அந்தப் பகுதியைத்தான் கைபேசி, தொலைக்காட்சி, டிரான்சிஸ்டர், திருவிழாப் பந்தலின் கூம்பு ஒலிபெருக்கி, கார் என எல்லாக் கருவிகளும் ஏதோ ஒரு விதத்தில் ஒலிக்கின்றன. சொல் புரிவதும் அங்கேதான். 1978இல் வீட்டு உபயோகத்துக்காக வெளிவந்த யமஹா என்எஸ்-10 ஸ்பீக்கர், அடியொலி குறைந்து நடுப்பகுதி முந்திக்கொண்டு நிற்கும் இயல்புடையது. அப்படியிருந்தும் உலகெங்கும் ஸ்டுடியோ மேசைகளில் அது பல்லாண்டுகள் இடம்பிடித்திருந்தது. அதில் குரலும் வாத்தியங்களும் ஒன்றையொன்று மறைக்காமல் நின்றால், வேறிடங்களிலும் நிற்கும் என்று பொறியாளர்கள் அதை நம்பினார்கள்.

இப்போதெல்லாம் நான் ஒரேயொரு சிறிய ஸ்பீக்கரில், இடமும் வலமும் ஒன்றாகச் சேர்ந்த மோனோவில், பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேசக்கூடிய அளவு தாழ்ந்த ஒலியில், குரலையும் மிருதங்கத்தையும் நேர் செய்த பிறகே பேஸ் கிட்டாரைத் தொடுகிறேன். தாழ்ந்த ஒலியில் நம் செவிக்கு அடியொலி குறைவாகவே எட்டும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் 1933இல் அளந்து காட்டினார்கள். உரக்க வைத்து வேலை செய்தால் அடியொலி மிகுதியாகக் கேட்கும். கை தானாக அதைக் குறைத்துவிடும். மெதுவாகக் கேட்பவருக்குப் பாட்டு வற்றிப்போகும்.

மோனோவில் கேட்பது இன்னொரு தவற்றையும் காட்டிக்கொடுக்கும். குரல் அகலமாகக் கேட்க வேண்டும் என்று அதை நகலெடுத்து, சில மில்லிவினாடி தாமதித்து, ஒன்றை இடப்புறமும் மற்றொன்றை வலப்புறமும் வைப்பவர்கள் உண்டு. ஹெட்போனில் அது அழகாகவே இருக்கும். இரண்டும் ஒரே ஸ்பீக்கரில் சேரும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, குடத்துக்குள் வாயை வைத்துப் பாடுவது போன்ற குரல் வரும். பாடியவரையே இன்னொரு முறை பாடச் சொல்லி அந்தப் பதிவை மறுபுறம் வைப்பது நல்லது.

நண்பரின் அம்மாவுக்கு மிருதங்கம் மட்டும் எப்படிக் கேட்டது? மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் கறுப்புக் கரணை, அதன் மேற்சுரங்களை, அதாவது அடிச்சுரத்தோடு சேர்ந்தே எழும் உயர்ந்த சுரங்களை, முழு எண் விகிதத்தில் ஒழுங்குபடுத்துகிறது என்பதைச் சி. வி. ராமன் 1920இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். அப்படி ஒழுங்கான மேற்சுரங்கள் காதில் விழுந்தால், அடிச்சுரம் ஒலிக்காவிட்டாலும் நம் செவி அதை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. பேஸ் கிட்டாருக்கும் இதையே செய்யலாம். ஒலியை லேசாகத் திரித்து மேற்சுரங்களைக் கூட்டும் சாச்சுரேஷன் சிறிதளவு சேர்த்தால் 55 ஹெர்ட்ஸின் மடங்குகளான 330, 385, 440 ஆகியவை வலுப்பெறும். அவற்றைச் சிறிய கைபேசியும் ஒலிக்கும்.

வெளிவந்த பாட்டு ஒன்றை ஒப்பிட்டுக் கேட்பதும் அவசியம். அதன் ஒலியளவை உங்கள் பாட்டின் அளவுக்கு இறக்கிய பிறகே ஒப்பிடுங்கள்; உரக்க இருப்பது எப்போதும் சிறப்பானது போலவே காதுக்குத் தோன்றும்.

அந்தப் பாட்டை நான் மறுபடி மிக்ஸிங் செய்தேன். ஏற்றிவைத்த 6 டெசிபலையும் எடுத்துவிட்டு, சாச்சுரேஷன் சேர்த்து, நாற்காலியை நகர்த்திப் போட்டு, மூன்று மாலை உட்கார்ந்தேன். நண்பரின் காரில் கதவு நடுங்கவில்லை. சமையலறையில், பாத்திரம் தேய்க்கும் சத்தத்துக்கு நடுவிலும், பல்லவியின் முடிவில் பேஸ் கிட்டார் இறங்கி நிற்கும் இடம் அந்தக் கைபேசியில் தெளிவாகக் கேட்டது.

நன்றி, வணக்கம்.